ரூட் மூன்று, பெட்டி நாற்பத்தொன்று

பெல்ஹாம் கவுண்டி கோர்ட்டின் நடைவழியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து, யார் பெயரை வேண்டுமானாலும் அடித்துப் பார்க்கலாம். எவன் எந்த வளைவில் வேகமாகப் போய் மாட்டினான், எவனுக்கு என்றைக்கு வாய்தா, எவன் வராமல் போனான், எல்லாம் வரிவரியாக வரும். பொதுப் பதிவேடு. எதற்குப் பார்க்கிறாய் என்று யாரும் கேட்க முடியாது.

அந்த அக்டோபர் செவ்வாய்க்கிழமை காலையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவள் வான்டா.

"நொரீன், இந்த மிஷின் மறுபடியும் முழிக்குது பாரு."

கவுன்டருக்கு உள்ளே இருந்த கிளார்க் நொரீன் ஹாக்கெட் எட்டிப் பார்த்தாள். "ரெண்டு தட்டு தட்டு, எந்திரிச்சுக்கும். இன்னிக்கி யாரத் தேடுற?"

"எம் பொண்ணு பின்னால ஒருத்தன் சுத்துறான். மரம் அறுக்குற மில்லுல வேலையாம். பல்லு நல்லா இருக்கு. மிச்சத்த இதுல பாத்துக்கலாம்னு வந்தேன்."

"பாத்தியா?"

"ரெண்டு தடவ வேகமாப் போயிருக்கான். ஒரு தடவ பெல்ட்டு போடல. எம் புருஷனோட லிஸ்ட்டு இதவிட நீளம். போகட்டும், கட்டிக்கட்டும்."

நொரீன் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே வாசல் கதவு திறந்தது. டெல்மர் ஸ்டைல்ஸ் உள்ளே வந்தார். எழுபத்தொரு வயது. துவைத்த ஓவரால், கையில் தொப்பி. வைக்கோல் கட்டு தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கிப் போயிருந்தது. வான்டா அவரைப் பார்த்தாள். உடனே எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டு, அவர் கையை ஒரு முறை அழுத்திவிட்டு, வெளியே போனாள்.

டெல்மர் கவுன்டர் அருகே வந்தார்.

"மேடம், எம் பேர்ல இருக்குற காகிதத்தப் பாக்கணும். யாரு வேணா பாக்கலாம்னு சொன்னாங்க."

மேடம். இருபது வருடமாக அவர் வீட்டு வாசலில், ரோட்டோரம் போட்டிருக்கும் மேசையில் தக்காளி வாங்குகிறாள் நொரீன். அங்கே அவள் வெறும் நொரீன்தான். "பழுத்தத எடுக்காத நொரீன், கார்ல நசுங்கிரும்" என்பார். இன்றைக்கு மேடம்.

அவர் எந்தக் காகிதத்தைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவள் மேசையின் கீழ் இழுப்பறையில் என்ன கிடக்கிறது என்பதும் தெரியும்.

மார்ச் மாதம், வைக்கோல் ஏற்றிய டிரெய்லரின் பின்விளக்கு எரியவில்லை என்று ஒரு கவுண்டி போலீஸ்காரர், டெபுடி, அவரை நிறுத்தி அபராதச் சீட்டு கிழித்தார். வாய்தா தேதி தபாலில் வரும் என்றார். டெல்மர் அன்றே விளக்கை மாற்றினார். தபாலுக்குக் காத்திருந்தார். அது வரவேயில்லை. விளக்கைத்தான் மாற்றிவிட்டோமே, விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டார்.

அவர்கள் விடவில்லை. அவருடைய லைசென்ஸில் இருந்த விலாசம் பழைய தபால் வழி எண்ணும் பெட்டி எண்ணும்தான்: 'ரூட் 3, பெட்டி 41'. ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் சுற்றக் கூடாது என்று கவுண்டிக்காரர்கள் இரண்டு வருடத்துக்கு முன் எல்லா மண்ரோட்டுக்கும் எண் கொடுத்து, எல்லா வீட்டுக்கும் புது இலக்கம் கொடுத்திருந்தார்கள். டெல்மரின் மனைவி ஓபல் தன் கையாலேயே தபால் பெட்டியில் 1187 என்று வெள்ளைப் பெயின்டால் எழுதினாள். லைசென்ஸை யார் மாற்றப் போகிறார்கள்? பிறந்த வீட்டிலேயே இருக்கிற மனுஷனுக்கு விலாசம் மாறிவிட்டது என்று எப்படித் தோன்றும்? பெயரைப் பார்த்தே தபால் போட்ட பழைய தபால்காரரும் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். இப்போது தூரத்து நகரத்தில் மிஷின் பிரிக்கிறது.

கோர்ட் அனுப்பிய முதல் கவர் திரும்பி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. வாய்தாவுக்கு வராத குற்றத்துக்கு லைசென்ஸ் முடங்கி, பிடிவாரண்ட்டும் போனது.

செப்டம்பரில், திங்கட்கிழமை வரும் அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஓபலை நாற்பது மைல் தள்ளி டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது ரோட்டில் நிறுத்தினார்கள். நம்பரை அடித்துப் பார்த்தார்கள். டெல்மரைக் கையில் விலங்கு மாட்டிக் கூட்டிப் போனார்கள். ஓபலை வீட்டில் இறக்கிவிட்டு, "யாரையாச்சும் கூப்பிட்டுக்கங்கம்மா" என்றார் டெபுடி. ஜாமீன் கொடுக்க ஜட்ஜ் ஊரில் இல்லை. மீன் பிடிக்கப் போயிருந்தார். செவ்வாய்க்கிழமைதான் வருவார்.

ஓபல் யாரையும் கூப்பிடவில்லை; டயாலிசிஸுக்கும் போகவில்லை. புருஷன் ஜெயிலில் இருக்கிறான் என்று எந்த வாயால் சொல்வாள்? சனிக்கிழமை அவள் தோழி வான்டா போன் செய்தபோது, "டெல்மர் மாடு வாங்கப் போயிருக்காரு" என்றாளாம். திங்கட்கிழமை காலையில் போய்க் கதவைத் தட்டியது வான்டாதான். கதவு திறக்கவில்லை.

அவ்வளவுதான் கதை. ஊருக்கே தெரியும். திரும்பி வந்த கவர்களும் இழுப்பறையும் மட்டும் ஆபீஸுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

நொரீன் கவுன்டரைவிட்டு வெளியே வந்து கம்ப்யூட்டரில் அவர் பெயரை அடித்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் விரல் வைத்து, ஞாயிற்றுக்கிழமை பைபிள் வாசிப்பதுபோல மெல்ல வாசித்தார்.

"வாய்தா அறிவிப்பு தபால்ல அனுப்பப்பட்டது. ஆஜராகவில்ல. எச்சரிக்கை அறிவிப்பு தபால்ல அனுப்பப்பட்டது. ஆஜராகவில்ல. கடைசி அறிவிப்பு தபால்ல அனுப்பப்பட்டது." விரல் நின்றது. "அப்போ அனுப்பியிருக்கீங்க."

விரல் மறுபடி மேலே போய் வரிகளை எண்ணியது.

"மூணு தடவ அனுப்பியிருக்கீங்க, மேடம்."

"ஆமா, மிஸ்டர் டெல்மர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். மடிப்பதற்கு வெகு நேரம் ஆனது.

"எம் மச்சினன் ஆர்லிஸ் சொன்னான். அடக்கத்தப்பவே சொன்னான், எல்லார் முன்னாலயும். கோர்ட்டுக் காகிதம் வந்திருக்கும், நீதான் பாக்காம எரிச்சிருப்பேன்னான். நான் இல்லேன்னு சத்தம் போட்டேன். வர்ற விளம்பரக் காகிதமெல்லாம் கட்டா எடுத்துக் கொல்லைப்புறப் பீப்பாயில போட்டுக் கொளுத்திருவேன், அது பழக்கம். ஓபல் சொல்லுவா, ஒவ்வொண்ணாப் பாத்துப் போடுய்யான்னு. கண்ணு தெரியலடின்னு சொல்லிட்டு மொத்தமாப் போடுவேன்." அவர் திரையைப் பார்த்தார். "அன்னியிலேருந்து பீப்பாய்ச் சாம்பலக் குச்சி வச்சுக் கிண்டிக்கிட்டே இருக்கேன். எதாச்சும் துண்டு கெடைக்குமான்னு. இப்ப தெரிஞ்சு போச்சு. நான்தான் எரிச்சிருக்கேன்."

"மிஸ்டர் டெல்மர்..."

"இல்ல மேடம், பரவாயில்ல. தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்." தொப்பியைத் தலையில் வைத்தார். "அவளக் கொன்னது நான்தான்னு தெரிஞ்சுக்கணும்னுதான் வந்தேன்."

திரும்பி நடந்தார். கதவு வரைக்கும் பத்தடி இருக்கும்.

அந்தப் பத்தடிக்குள் நொரீனுக்கு என்னென்னவோ ஓடியது. கவர் திரும்பி வந்தால் 'திரும்பி வந்தது' என்று பதிவேட்டில் ஒரு வரி ஏற்ற வேண்டும். மூன்று பேர் பார்த்த வேலையை ஒருத்தி பார்க்கிறாள்; நேரம் கிடைக்கும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று இழுப்பறையில் போட்டுப் போட்டு அது நிரம்பிவிட்டது. ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம். தலைமை கிளார்க் ராய்ஸ் தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரியும். அவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினான்.

அது மட்டும் என்றால் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள். இன்னொன்று இருந்தது. ஜூன் மாதத்தில் ஒரு சாயங்காலம், அவர் மேசை முன்னால் தக்காளியோடு நின்றபோது அவளுக்கு அந்தக் கவர் ஞாபகம் வந்தது. சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஆபீஸ் விஷயத்தை ரோட்டில் பேசக் கூடாது என்று ராய்ஸ் சொல்லியிருக்கிறான். நமக்கெதற்கு என்று தோன்றியது. மழையைப் பற்றிப் பேசினாள். ஓபல் உள்ளேயிருந்து கை காட்டினாள். இவளும் கை காட்டிவிட்டுக் காரை எடுத்தாள்.

"நீங்க எரிக்கல," என்றாள் நொரீன்.

அவர் நின்றார்.

"நொரீன்," என்றான் ராய்ஸ். "இங்க வா, ஒரு நிமிஷம்."

அவள் போகவில்லை. மேசைக்குப் போய்க் குனிந்து இழுப்பறையை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது, அவ்வளவு நிறைந்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்து, கட்டுக்குள் தேடி, மூன்று கவர்களை எடுத்து வந்து கவுன்டரில் வைத்தாள். ஒன்றும் பிரிக்கப்படவில்லை. ஒவ்வொன்றிலும் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது: அப்படி ஒரு விலாசம் இல்லை, அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது.

டெல்மர் அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது. ரூட் மூன்று, பெட்டி நாற்பத்தொன்று.

"இது எங்கிட்ட வரவே இல்ல," என்றார்.

"வரல."

"நான் எரிக்கல."

"எரிக்கல, மிஸ்டர் டெல்மர். மூணும் இங்கதான் இருந்துச்சு. திரும்பி வந்துச்சுன்னு நான் எழுதல. எழுதியிருந்தா ஜட்ஜ் பாத்திருப்பாரு, வாரண்ட்டு போயிருக்காது. தப்பு எம்மேல."

அவர் கவுன்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தாள். அவர் அழவில்லை. தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"நொரீன்." மேடம் போய்விட்டது. "எங்க வீடு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெனம் அந்த வழியாத்தான போற?"

"காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ."

"மிஷினுக்கு என்னத் தெரியாது. சரி, அது மிஷினு. ஒனக்குத் தெரியுமே."

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று கவரையும் எடுத்து ஓவரால் மார்புப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டார்.

"ஆர்லிஸ்கிட்ட காட்டணும்," என்றார். கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்: "அடுத்த வருஷம் தக்காளி போடல. அதுக்காக வண்டிய நிறுத்தாத."

கதவு மூடிக்கொண்டது.

ராய்ஸ் வந்து அவள் பக்கத்தில் நின்றான். "ஒனக்குக் கிறுக்கா? அந்தக் கவரத் தூக்கிக்கிட்டு நேரா லாயர்கிட்டதான் போவாரு. கடைசியாத் தெரிஞ்ச விலாசத்துக்கு அனுப்பணும்னுதான் சட்டம். அனுப்பினோம். நம்ம வேலை முடிஞ்சுது."

"இருபத்திரெண்டு வருஷம் நானும் அப்படித்தான் நெனச்சேன், ராய்ஸ்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து டெல்மர் ஸ்டைல்ஸின் பதிவைத் திறந்தாள். மூன்று இடத்தில் மூன்று வரி அடித்தாள். 'அறிவிப்பு திரும்பி வந்தது. கிளார்க் நொ. ஹாக்கெட் அப்போது பதியவில்லை.' அவள் பெயரும் இனி அந்த நடைவழிக் கம்ப்யூட்டரில் இருக்கும். வான்டா பார்ப்பாள். ஊரே பார்க்கும். பார்க்கட்டும்.

பிறகு இழுப்பறையில் கிடந்ததை எல்லாம் எடுத்து மேசையில் கொட்டி எண்ணினாள். முப்பத்தாறு. பாதிக்கு மேல் அவளுக்குத் தெரிந்த பெயர்கள். ஒருத்தன் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஒருத்தி அவள் மகனுக்கு முடி வெட்டுகிறவள். காலித் தாள் பெட்டி ஒன்றை எடுத்து அதில் அடுக்கினாள்.

"எங்க கொண்டு போற அத?" என்றான் ராய்ஸ்.

"குடுக்க."

"அது ஒன் வேலை இல்ல. சட்டத்துல அப்படி எங்கயும் இல்ல."

"சட்டத்துக்கு ஆளத் தெரியாது, விலாசம்தான் தெரியும். எனக்கு ஆளத் தெரியும்." பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "கவர அனுப்பினா வேலை முடியாது ராய்ஸ். அது ஆள் கைக்குப் போய்ச் சேந்தாத்தான் முடியும். இத ஜூன் மாசமே நான் செஞ்சிருந்தா ஒரு பொம்பள இன்னிக்கி உயிரோட இருந்திருப்பா."

ஐந்து மணிக்குக் கிளம்பினாள். வெயில் இன்னும் வயல்களின் மேல் கிடந்தது. வழியில் 1187 வந்தது. ஓபல் எழுதிய எண் அழியாமல் அப்படியே இருந்தது. ரோட்டோர மேசையை யாரோ கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். நொரீன் வேகத்தைக் குறைத்தாள். நிறுத்தவில்லை. நிறுத்தும் உரிமை அவளுக்கு இனி இல்லை.

அங்கிருந்து இரண்டு மைல் தள்ளி, கோழிப்பண்ணை ஓரத்து வீட்டில், முதல் கவரை நீட்டினாள். கதவைத் திறந்த பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மஞ்சள் சீட்டை வாசித்தாள்.

"அப்படி ஒரு விலாசம் இல்லையாமா? நல்லாருக்கே! முப்பது வருஷமா இதே வீட்டுலதான குப்ப கொட்டுறோம். கோர்ட்டுக்காரங்களுக்கு எங்களக் கண்டுபிடிக்க முடியலையாக்கும்?"

"முடியாம இல்லம்மா," என்றாள் நொரீன். "நாங்க தேடவே இல்ல."