கோவளம் சம்பந்திக்கு ஒரு இலை

கோவளத்துக் கல்லறையில் படுத்திருந்த மனிதரைப் பட்டப்பகலில் முடிச்சூருக்கு வரவழைத்து, இலை போட்டு, சங்கரா மீன் குழம்பு ஊற்றி, வயிறாரச் சாப்பிடவும் வைத்த ஒரே ஆள் இந்த உலகத்தில் தான்தான் என்று துளசிங்கம் சொல்லுவார். தெருவில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ரயில்வேயில் ரிட்டயர் ஆன மனுஷன். பெருவெள்ளத்தன்று மொட்டைமாடியிலிருந்து தூண்டில் போட்டுத் திமிங்கிலம் பிடித்து, ‘பாவம், குட்டி’ என்று விட்டுவிட்டதாகவும் சொன்னவர்தானே.

ஆனால் திமிங்கிலத்தைச் சொல்லும்போது சிரிப்பார். இதைச் சொல்லும்போது உள்ளறைக் கதவை ஒரு தரம் பார்த்துக்கொள்வார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு மூன்றாம் நாளே கல்லறைத் திருநாள். மருமகள் ஏஞ்சல், ஆறு வயது ஜெனியோடு தன் அப்பா சவுரிமுத்துவின் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றக் கிளம்ப, துளசிங்கமும் அதிரசப் பொட்டலத்தோடு தொற்றிக்கொண்டார். சவுரிமுத்து மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்வந்தவர். மகள், துளசிங்கத்தின் மகன் சிட்டிபாபு என்கிற இந்துப் பையனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேத்தி முகத்தைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார்.

மெழுகுவத்திச் சுடரைக் கையால் மறைத்தபடி ஜெனி கேட்டாள். “அம்மா, தாத்தாவுக்கு எம்மேல கோவமா?”

ஏஞ்சல் சாமந்தியைப் பிய்த்துப் பிய்த்துத் தூவினாள்.

துளசிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. செத்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடுவது அவர் வீட்டு வழக்கம். சிலுவை முன் குனிந்து, கல்லறைத் தோட்டமே திரும்பிப் பார்க்கும் குரலில், “இன்னா சம்பந்தி, பேத்தி கேக்குது, பதில் சொல்லாம படுத்துகினு கீறீங்க? மத்தியானம் நம்ம வூட்லதான் சாப்பாடு. வந்துருங்க!” என்றார்.

“மாமா! உயிரோட இருந்தப்பவே நம்ம வாசல மிதிக்காதவரு.”

“அப்ப நான் வந்து கூப்டலியே கண்ணு. கௌரவம் பாத்துகினு குந்திட்டேன்.”

வழியில் மீன் வாங்கினார்கள். குழந்தைக்காக என்று சொல்லிக்கொண்டே ஏஞ்சல் குழம்பு வைத்தாள். உள்ளறையில் சவுரிமுத்துவின் போட்டோ முன்னால் இலை, சொம்பில் தண்ணீர். கற்பூரமா மெழுகுவத்தியா என்று துளசிங்கம் குழம்பி, வந்தவர் வழக்கப்படியே மெழுகுவத்தி ஏற்றினார். வருகிறவர் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டுமென்று கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

கரண்ட் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது.

உள்ளே யாரோ இருமினார்கள். நெஞ்சுக்குள்ளிருந்து வரும், நாள்பட்ட இருமல். பிறகு சொம்பைத் தரையில் வைக்கும் சத்தம். கதவிடுக்கிலிருந்து உப்புக்காற்று வாடை வந்தது; கடலுக்கும் முடிச்சூருக்கும் எவ்வளவு தூரம்! துளசிங்கத்தின் தலையில் மிச்சமிருந்த பதினாலு முடியும் எழுந்து நின்றது.

“பூனை,” என்றாள் ஏஞ்சல்.

“ஜன்னல்ல கொசுவலை அடிச்சிருக்குது. பூனை எப்டி பூரும்? பூனை இருமுமா ஏஞ்சலு?”

அவர் மடியில் ஜெனி காலை ஆட்டிக்கொண்டே, “தாத்தா சாப்புடுறாரு, பேசாதீங்க,” என்றாள்.

பத்து நிமிஷம். துளசிங்கத்தின் கணக்கில் இரண்டு அமாவாசை. ஏஞ்சல்தான் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

இலையில் பாதிச் சோறு காணோம். மீன் முள்ளெல்லாம் சுத்தமாக உருவி, இலையோரம் வரிசையாக அடுக்கியிருந்தது. இடது ஓரத்தில், மீன் சதை பிசைந்த சோற்று உருண்டை இரண்டு. ஒன்று பெரியது. பக்கத்தில் ஒன்று சின்னது.

“பாத்தியா, நான் சொன்னேன்ல...” என்று ஆரம்பித்த துளசிங்கம், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஏஞ்சல் இலை முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “இப்டித்தான் முள்ளு எடுத்து எனக்கு உருண்ட வெப்பாரு. சிட்டிபாபு கிட்டகூட நான் சொன்னதில்ல, மாமா.”

ஜெனி யாரையும் கேட்காமல் சின்ன உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஏஞ்சல் பெரியதை எடுத்தாள். வெகுநேரம் மென்றாள்.

“கோவம் இல்லடி உம்மேல,” என்றாள் மகளிடம். பிறகு திரும்பாமலேயே, “அப்பா வந்துட்டுத்தான் போயிருக்காரு, மாமா.”