தூக்கிய கை

வெம்பக்கோட்டைப் பக்கம் காலரா வந்து சாவு விழத் தொடங்கியபோது எம். புதுப்பட்டியில் தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்தது. ஆட்கள் படுத்துவிட்டால் சீசன் கெட்டுப்போகும் என்று பட்டாசு ஆலையின் மேனேஜர் சங்கரபாண்டியன் சுகாதார நிலையத்துக்குச் சொல்லியனுப்பி நர்சை வரவழைத்தார். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் அன்றைக்கு வேலை என்று கேட்டில் சொல்லிவிட்டார்.

பெண்களுக்குச் சாக்குப் படுதா கட்டி மறைப்பு வைத்திருந்தார்கள். உள்ளே நர்ஸ் ஞானஜோதி காலையிலிருந்து உட்காராமல் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். வரிசை கேட்டைத் தாண்டி ரோடு வரை போயிருந்தது. "சீக்கிரம் அனுப்புங்கம்மா, லோடு ஏத்தணும்" என்று சங்கரபாண்டியன் படுதாவுக்கு வெளியே நின்று விரட்டிக்கொண்டேயிருந்தார்.

சரவெடி பின்னுகிற சண்முகத்தாயின் முறை வந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, ரவிக்கைக் கை மேலே ஏற மறுத்தது. ஞானஜோதி சுருட்டிப் பார்த்துச் சலித்தாள். பிறகு கழுத்துப் பக்கமாகத் துணியைப் பிடித்து இறக்கி, வலது தோளின் உச்சியிலேயே ஊசியை ஏற்றினாள். ஊசி எதிலோ போய் முட்டியது இரண்டு பேருக்குமே தெரிந்தது.

"ஆத்தீ!" என்று சண்முகத்தாய் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல, எந்திரி. அடுத்த ஆளு வாங்க" என்றாள் ஞானஜோதி.

மற்றவர்களுக்குக் காய்ச்சலும் வீக்கமும் வந்து போயின. சண்முகத்தாய்க்குக் காய்ச்சல் போனது, வலி மட்டும் தங்கிவிட்டது. நாளாக நாளாகத் தோள் இறுகி, வலது கை இடுப்புக்கு மேலே எழும்பவில்லை. சரம் பின்னுகிறவளுக்கு இரண்டு கையும் நெஞ்சுக்கு மேலே போய் வர வேண்டும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். திரியெல்லாம் கோணலாக விழுந்தது. கை சரியான பிறகு வா என்று ஆலையில் அனுப்பிவிட்டார்கள்.

அவள் புருஷன் சங்கையா சிவகாசியில் லாரிக்குப் பாரம் ஏற்றுகிறவன். முரடன் என்று பேரெடுத்தவன்தான். ஆனால் அந்த ஆறு மாதமும் அவன் பொண்டாட்டியை ஒரு சொல் சொல்லவில்லை. விடியுமுன்னே தண்ணீர் எடுத்து வைத்தான், உரலில் மாவாட்டினான். கைக்குழந்தை பத்திரகாளிக்குப் பீத்துணி அலசினான். வேலைக்குக் கிளம்புகிறபோது அவளைக் கீழே உட்காரவைத்துத் தலை சீவிப் பின்னிவிட்டான். அவன் பின்னல் கயிறு முறுக்கியது போல இருக்கும். "பொம்பளையாப் பொறந்திருக்க வேண்டியவன்லே நீ" என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை.

பட்டாசு மருந்து வெடித்துக் கை வெந்த ஒருவனுக்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தது என்று லாரி ஷெட்டில் கேள்விப்பட்டு வந்தவன், மறுநாளே சங்கரபாண்டியனிடம் போய் நின்றான்.

"அய்யா, ஊசி போட்டாத்தான் வேலன்னு சொன்னது நீங்கதான. அந்த ஊசியிலதான் கை போச்சு."

சங்கரபாண்டியன் சிரித்தார். "காலராவுல செத்திருந்தா இப்ப அவ படத்துக்கு மால போட்டுக்கிட்டிருப்ப. உயிரக் காப்பாத்துனதுக்கு நஷ்டஈடாலே கேக்க?"

சங்கையா விருதுநகர் போய் மனு எழுதிப் போட்டான். மார்கழியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

லேபர் ஆபீஸர் நல்ல மாதிரியான மனுஷன். சண்முகத்தாய்க்கு நாற்காலி போடச் சொன்னார். டாக்டர் சர்டிபிகேட்டில் எலும்பு முறிவு இல்லை என்று மட்டும் இருந்தது. சாட்சிக்கு வந்திருந்த ஞானஜோதியிடம், எந்த இடத்தில் ஊசி போட்டீர்கள் என்று கேட்டார். அவள் கைக்குட்டையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் மேல பட்டிருக்கும் சார். ரவிக்க இறுக்கமா இருந்துச்சு. வெளிய அவசரப்படுத்தினாக" என்றாள்.

சங்கரபாண்டியன் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஆபீஸர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கம்பெனி கட்டாயப்படுத்திப் போட்ட ஊசின்னா கம்பெனிதான் பொறுப்பு மிஸ்டர் சங்கரபாண்டியன். இந்தம்மா கை நெசமாவே தூக்க முடியலியாங்கிறதுதான் இனி பாக்கி."

அந்த நேரம் பத்திரகாளி சிணுங்கத் தொடங்கியது. சண்முகத்தாய் இடது கையால் அதை ஆட்டிப் பார்த்தாள், அடங்கவில்லை. சங்கரபாண்டியன் எழுந்து வந்தார்.

"ஒத்தக் கையில எம்புட்டு நேரந்தான் வச்சிருப்ப? இங்கன கொடு தாயி. நானும் பேரன் பேத்தி எடுத்தவந்தான்."

மேனேஜர் தன் பிள்ளையைத் தூக்குகிறாரே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கொடுத்துவிட்டாள். அவர் பிள்ளையின் வயிற்றில் மீசையால் உரசினார். அது சிணுங்கலை நிறுத்திவிட்டு அவர் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தார். பிள்ளை கெக்கலி கொட்டியது. ஆபீஸர்கூடப் புன்னகை செய்தார். மறுபடி போட்டுப் பிடித்தார். அடுத்த தடவை இன்னும் உயரமாகப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. சண்முகத்தாயின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போயிருந்தன. தோளுக்குள் என்னவோ மளுக்கென்று அறுந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பிள்ளை அவள் கைகளில் வந்து விழுந்தது. இன்னொரு தடவை போடச் சொல்லி அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது.

"எழுதிக்கோங்க சார்" என்றார் சங்கரபாண்டியன்.

ஆபீஸர் எழுந்து நின்றுவிட்டார். "நீரெல்லாம் ஒரு மனுஷனா? பிள்ள தரையில விழுந்திருந்தா?"

"விழாதுன்னு தெரியும் சார். அவ கைக்குத்தான் ஒண்ணும் இல்லியே."

சண்முகத்தாய் பிள்ளையோடு தரையில் குந்தியிருந்தாள். முகம் சாம்பலாகிவிட்டது. வலது கை அவளுடையது இல்லை என்பது போல மடியில் கிடந்தது. சத்தம் போட்டு அழக்கூட மூச்சு வரவில்லை. ஆபீஸர் அவளைப் பார்த்தார், பிறகு ஞானஜோதியைப் பார்த்தார்.

"நீங்க இந்த வேலை தெரிஞ்சவங்க. சொல்லுங்க. கை தூக்குச்சா, இல்லியா?"

எந்தத் தாயின் கையும் அப்போது தூக்கும், தூக்கியதால்தான் இப்போது அறுந்துபோயிருக்கிறது என்று ஞானஜோதிக்குத் தெரியும். அதைச் சொன்னால் தோள் உச்சியில் போட்ட ஊசியும் தன் தப்பாகக் கூடவே நிற்கும். சொல்லாவிட்டால் அந்த ஊசியால் ஒரு கெடுதலும் இல்லை என்று ஆகிவிடும்.

"தூக்குச்சு சார்" என்றாள்.

மனு தள்ளுபடியானது.

பஸ் இறங்கி வீட்டுக்கு வந்ததும் சங்கையா கதவைச் சாத்தினான்.

"ஆறு மாசமா என்னத் தல பின்ன விட்டியேடி. ஊரே சிரிச்சுதே."

"ஏங்க, சத்தியமா எனக்கு எப்பிடித் தூக்குச்சுன்னே தெரியல. பிள்ள விழுதுன்னுதான்..."

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அடித்தான். மறுநாள் தண்ணீர்க் குடத்தை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனான். டீக்கடையில் அவனே வலியப் போய்ச் சொன்னான், தன் பொண்டாட்டி எப்படித் தன்னை ஏமாற்றினாள் என்று. அதற்குப் பிறகு அங்கே யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. ஆலையிலிருந்தும் ஆள் வந்தது, கைதான் நன்றாக இருக்கிறதே, வேலைக்கு வா என்று. போனாள். ஒரு சரத்தைக்கூடப் பின்னி முடிக்க முடியவில்லை. உழைக்க மனசில்லாதவள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேதக்கோயிலில் ஆராதனை முடிந்து வேதப்புத்தகமும் கையுமாக ஞானஜோதி வந்தாள். சங்கையா வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போய் சண்முகத்தாயின் தோளைத் திறந்து பார்த்தாள். தோள் கீழே இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. சதை சூம்பத் தொடங்கியிருந்தது. கன்னத்திலும் முதுகிலும் அடி விழுந்த தடம். ஞானஜோதி வெளியே வந்து சங்கையாவின் முன்னால் நின்றாள்.

"இங்கன பாருங்க. உங்க சம்சாரம் பொய் சொல்லல. நான் ஊசி போட்ட எடம் தப்பு. அன்னைக்குத் தூக்குனதுல உள்ள நரம்பு அறுந்து போச்சு. நான் அங்கயே சொல்லியிருக்கணும், வேல போயிருமேன்னு பயந்துட்டேன். நாளைக்கே விருதுநகர் வந்து எழுதிக் கொடுக்கேன். என் வேல போனாப் போகட்டும்."

சங்கையா பீடியை வாய்க்குக் கொண்டுபோனான். பீடி அணைந்துவிட்டிருந்தது. அதையே இழுத்தான்.

"வேண்டாம்" என்றான்.

"ஏன்? நியாயம் கிடைக்குமே."

"ஊரு பூராம் நான் சொல்லியாச்சு. இப்பப் போயி அவ சொன்னது நெசம்னா, நான் யாரு? நீங்க போங்கம்மா. அவ பொய்யே சொன்னதா இருக்கட்டும்."

"அவுகளுக்குத் தெரியும் நர்சம்மா."

இரண்டு பேரும் திரும்பினார்கள். சண்முகத்தாய் நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"அன்னைக்கு பஸ்ஸு விட்டு எறங்கையில கம்பியப் பிடிக்க முடியாமக் கை தொங்குனதப் பாத்தாக, அப்பவே அவுகளுக்குத் தெரியும். அடிக்கும்போது அந்தத் தோள விட்டுட்டுத்தான் அடிக்காக."

சங்கையா தலையைத் தூக்கவில்லை. ஞானஜோதி வேதப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

அன்று சாயங்காலம் சங்கையா அந்தத் தோளிலேயே அடித்தான்.

விடிந்ததும் சண்முகத்தாய் ஏழாயிரம்பண்ணையில் இருக்கிற அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். ஒரு பழைய சேலையை விரித்து, பத்திரகாளியை இடுப்போடு சேர்த்துச் சுற்றினாள். ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறு முனையை இடது கையால் இழுத்து முடிச்சுப் போட்டாள். முடிச்சு அவிழ்ந்தது. மறுபடி போட்டாள். சங்கையா கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தான், தூங்கவில்லை. அவள் அவனைக் கூப்பிடவில்லை. முடிச்சு நின்றதும் இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தாள்.