தொட்டால் கணக்கில் கிடையாது

தானியேலுக்கு மெட்ராஸ் ஐ வந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக அவன் போன் செய்து, "மச்சான், ரெண்டு கண்ணும் தக்காளி கணக்கா ஆயிடுச்சிடா, நான் வரல" என்று சொன்னதும், பொன்னேரி வீட்டுக் கூடத்தில் மதிவாணன் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டான். பழவேற்காடு ஏரியில் கழி ஊன்றிப் படகைத் தள்ள ஒரு ஆள், தூண்டில் வீச ஒரு ஆள் என்று இரண்டு பேர் வேண்டும். ஒற்றை ஆளாகப் போனால் காற்று படகைச் சுற்றிச் சுற்றி அடித்துக் கிறுக்குப் பிடிக்க வைத்துவிடும். வாரம் ஆறு நாள் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, இந்த ஒரு நாளுக்காகவே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மனுஷன் அவன். அந்த முகத்தைப் பார்க்க அவன் மனைவி வினோதாவுக்குப் பாவமாக இருந்தது.

"நான் வேணா வரட்டா?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

கேட்ட வாயை மூடுவதற்குள் அவன் பைக் சாவியை எடுத்துவிட்டான்.

அவளுக்கு இந்தத் தூண்டில் கூட்டத்தைக் கண்டாலே எரிச்சல். தூண்டில் என்றால் மூங்கில் குச்சியும் மண்புழுவும் இல்லை. மடக்குகிற ராடு, பளபளவென்று ரீல், மலேசியாவிலிருந்து வந்த பிளாஸ்டிக் டூப்பு மீன்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், நாலு தடிப்பசங்கள் அவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, கலங்கல் தண்ணீருக்கு மஞ்சள் டூப்பா வெள்ளி டூப்பா என்று பார்லிமெண்ட் நடத்துவார்கள். டீ போட்டுக் கொடுத்தே அவளுக்கு இடுப்பு ஒடியும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, இரண்டு காதும் திறந்திருந்ததால் அவர்கள் பேசிய அத்தனை யோசனையும் அவளுக்குள்ளும் இறங்கித்தான் இருந்தது.

பழவேற்காட்டில் மணவாளன் தன் ஃபைபர் படகை அவிழ்த்துக் கொடுத்தான். வினோதாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, இன்னிக்கு புது பார்ட்னரா?" என்று சிரித்தான். "வலை கட்ற கம்புங்க பக்கம் போவாத. கம்பு ஃபுல்லா சிப்பி ஒட்டிக்கினு இருக்குது. பிளேடு கணக்கா அறுத்துடும்."

முதலில் அவள்தான் கழி போட்டாள். படகு முன்னால் போகாமல் ஆட்டுக்கல் குழவி மாதிரி அதே இடத்தில் சுற்றியது. மதிவாணன் தலையில் அடித்துக்கொண்டான். "உட்ரு, நான் தள்றேன். நீ ராட புடி."

"எனக்கு இன்னா தெரியும்?"

"நான் சொல்றேன் இல்ல? சொன்னத செய்."

வாயாலேயே மனுஷன் எத்தனை பாடம் எடுத்தான்! விரலால் தங்கூசி நரம்பைப் பிடி, ராடைப் பின்னால் கொண்டுபோ, தோளை ஆட்டாதே, மணிக்கட்டால் வீசு, விரலை விடு. அவள் விட்டாள். டூப்பு மீன் நேராகப் போய் அவன் தொப்பியில் மாட்டிக்கொண்டது. இரண்டாவது வீச்சு படகை ஒட்டியே விழுந்தது. மூன்றாவது வீச்சில் என்ன மாயமோ, தங்கூசி சர்ரென்று நீண்டு, டூப்பு மீன் தூரத்தில் பொத்தென்று விழுந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

"சுத்து, மெதுவா சுத்து. அய்யே, அவ்ளோ வேகமா வேணாம். ராட கீழ வெய்யி. ஒரு வெட்டு வெட்டு. மறுபடி சுத்து..."

"கொஞ்ச நேரம் வாய மூடிக்கினுதான் வாயேன்!" என்று அவள் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

அப்போதுதான் இடித்தது.

கையில் யாரோ கட்டையால் அடித்த மாதிரி ஒரு இடி. ராடு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. ரீல் கிர்ர்ர்ரென்று அலறியது. நாற்பது அடி தள்ளி ஏரி வெடித்தது! வெள்ளிப் பலகை ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து, குகை மாதிரி வாயைத் திறந்து, தலையை இப்படியும் அப்படியும் உதறிவிட்டுத் திரும்ப விழுந்தது.

"கொடுவா!" மதிவாணனுக்குக் குரல் கீச்சிட்டது. "வினோ! கொடுவாடி! எம்மாம் பெருசு!"

வினோதா அலறினாள். "ஏங்க! இந்தாங்க! புடிங்க! என்னைய இழுக்குதுங்க!"

அவள் ராடை நீட்ட நீட்ட, அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "மாட்டேன்! தொட்டா கணக்குல கெடையாது!"

இந்தச் சட்டத்தைப் போட்ட மகானே அவன்தான். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டிவிட்டு, யார் தூண்டிலில் மீன் மாட்டியதோ அவர்தான் கடைசிவரை ராடைப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தன் விரல் பட்டாலும் அந்த மீன் கணக்கில் கிடையாது என்று கூட்டத்துக்கே தீர்ப்பு எழுதிவிட்டான். கணக்கில் வருகிற மீன், அதுவரை பிடித்த எல்லாவற்றையும்விடப் பெரியதாக இருந்தால்தான், தூண்டில் சாமான் விற்கிற அஸ்கர் அலி கடைச் சுவரில் படம் ஏறும். போன வருஷம் அந்த அஸ்கர் அலியே பத்து கிலோ கொடுவா ஒன்றைப் பிடித்தார். மீன் இழுத்த இழுப்பில் பாவம் அவர் லுங்கி அவிழ்ந்துவிட்டது. மானத்தைக் காப்பாற்ற அரை நிமிஷம் தம்பி சஹாபுதீன் கையில் ராடைக் கொடுத்துவிட்டு லுங்கியைக் கட்டினார். அதற்கு மதிவாணன், "சாரி பாய், ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்" என்று சொல்லிவிட்டான். தன் கடைச் சுவரில் தன் மீனுக்கே இடமில்லாமல் போன மனுஷன் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டம்மா ஜெய்னம்பு வினோதாவிடம் சொல்லியிருந்தாள்.

"யோவ்! பொண்டாட்டிய மீனு இழுத்துக்கினு போவுது, ரூல்ஸ் பேசறியா?"

"எகிறுது பாரு, எகிறுது! எகிறும்போது ராட தாழ்த்து! இல்லாட்டி உதறிட்டு போயிடும்!"

அவள் தாழ்த்தினாள். மீன் எகிறி விழுந்தது. தங்கூசி இன்னும் கையில் கனத்தது. போகவில்லை! அந்த நொடியில் அவளுக்கு ஏதோ ஆனது. பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காலை அகட்டி நின்றாள்.

"பிரேக்க இறுக்கு! ரீலு மேல திருகு இருக்குது பாரு! வேணாம் வேணாம், லூசு பண்ணு! ஓடட்டும், ஓட உடு!"

"மொதல்ல ஏதாவது ஒண்ணு சொல்லுய்யா!"

மீன் ஓடியது. ஓடிக் களைத்து நின்றால் அவள் ராடை மேலே தூக்கி, தாழ்த்தும்போது சுற்றினாள். தூக்கு, தாழ்த்து, சுற்று. டீ கொடுத்துக்கொண்டே கேட்டதெல்லாம் கைக்கு வந்தது. மறுபடி ஓடினால் விட்டுப் பிடித்தாள். உள்ளங்கை எரிந்தது, தலைமுடி அவிழ்ந்து வாயில் புகுந்தது. இத்தனை சந்தோஷமாக அவள் கடைசியாக எப்போது இருந்தாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

"கம்பு பக்கம் போவுது! போட்ட அந்தாண்ட தள்ளு! சீக்கிரம்!" இப்போது கத்தியது அவள்தான். மதிவாணன் கழியை ஊன்றி உயிரைக் கொடுத்துத் தள்ளினான். சிப்பிக் கம்புக்கு ஒரு கை தூரத்தில் மீன் திரும்பியது.

திரும்பியது சும்மா திரும்பவில்லை, நேராகப் படகுக்கு அடியில் பாய்ந்தது. ராடு படகின் விளிம்பில் அடித்தது. வினோதா முட்டி போட்டு விழுந்தாள். வியர்வையில் ஈரமான கைப்பிடி வழுக்கி, ராடு முழுசாக வெளியே போகப் பார்த்தது. இவள் விரல் நுனியில் தொங்கியது.

ஒரு கை வந்து ராடைப் பிடித்தது.

கண் மூடித் திறப்பதற்குள் அந்தக் கை நெருப்பைத் தொட்டதுபோல் விலகியது. அதற்குள் அவள் சமாளித்து எழுந்து, ராடு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, தங்கூசியைப் படகின் மறுபக்கத்துக்குச் சுற்றிக் கொண்டுவந்துவிட்டாள்.  தொட்டதைப் பற்றிப் பேச நேரமில்லை.

மீன் கடைசியில் சாய்ந்து பக்கத்தில் வந்தது. மதிவாணன் பிடி வைத்த கைவலையை நீட்டினான், அத்தனை வருஷ அனுபவசாலி, மீனின் மூக்கிலேயே இடித்தான். அது சிலிர்த்துக்கொண்டு மறுபடி ஓடியது. "வலைய மீன் மேல போடாத, தண்ணிக்குள்ள வெச்சிக்கினு இரு, நான் அதுக்குள்ள ஓட்றேன்!" என்று வினோதா அதட்டினாள். அது அவனே தானியேலுக்கு மாசத்துக்கு ஒரு தடவை சொல்கிற பாடம். சொன்னபடியே வலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தான். தலை முதலில் உள்ளே வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினார்கள்.

மீன் படகுப் பலகையில் தப்தப்பென்று அடித்தது. மதிவாணன் ஆடிய ஆட்டத்தில் படகு கவிழாமல் இருந்ததே பெரிய விஷயம். வினோதா சிரித்தாள், அழுதாள், மீனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "என்னுது," என்றாள். "என்னுதுங்க இது."

திரும்பி வரும்போது அவன் கழி போட்டபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தான். அவளும் பார்த்தாள், அந்தக் கையைத்தான். சுவரில் தன் படம் மாட்டினால் எப்படி இருக்கும் என்று அதற்குள் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. பொம்பளை படம் ஒன்றுகூட அங்கே இல்லை. யாரும் பார்க்கவில்லையே என்று நினைத்தாள். நினைத்ததும் அந்தக் கையிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

மீனைத் தூக்கியதுமே மதிவாணன் போனில் "பெரிய கொடுவாடா!" என்று கத்தியிருந்ததால், கரையில் சேதி முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. தானியேல் தவிர தூண்டில் கூட்டம் மொத்தமும் அஸ்கர் அலி கடை வாசலில் நின்றது. மதிவாணன் பிடித்ததாக நினைத்து அவன் முதுகில் தட்டியவர்களிடம், "அட, நான் இல்லப்பா. இவதான். எல்லாம் இவதான்!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டே வந்தான். அஸ்கர் அலி தராசில் மாட்டினார். ஒன்பது கிலோ, கொஞ்சம் கூடவே.

"மாஷா அல்லாஹ்! தங்கச்சி, கலக்கிட்டேம்மா!" அவர் முகத்தில் பொறாமை ஒரு துளி இல்லை. கேமரா போனைக் கையில் எடுத்துவிட்டார். அப்புறம், கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும், மதிவாணனைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாப்பா, ராட யாரும் தொடலியே?"

மதிவாணன் நிமிர்ந்தே பார்த்தான். "தொடல பாய். யாரும் தொடல."

வினோதாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறாள். ஒரு கிராம் எடைக்குக்கூடப் பொய் சொல்லாதவன், கூட்டாளிகள் அத்தனை பேரிடமும் கெட்ட பேர் வாங்கியும் சட்டத்தை விடாதவன், அவளுக்காக இத்தனை பேர் நடுவில் பொய் சொல்கிறான். காது மடல் சிவந்திருந்தது. அவன்மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆசை பொங்கியது. அதே சமயம் எதிரே நின்ற அஸ்கர் அலியின் முகம் கண்ணில் பட்டது. அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் கடைக்கு இனி எப்படி வருவது?

"தொட்டாரு பாய்," என்றாள்.

"வினோ..."

"நீ சும்மா இருய்யா. போட்டுக்கு அடியில போச்சி பாய், ராடு கைய உட்டு வழுக்கிடுச்சி. ஒரு செகண்டு புடிச்சாரு. உட்டுட்டாரு."

 அஸ்கர் அலி போனை மெல்லக் கீழே இறக்கினார். வினோதாவுக்கு அழுகை முட்டியது, கூடவே கோபமும் முட்டியது. எரிகிற உள்ளங்கையை விரித்து எல்லோருக்கும் காட்டினாள்.

"ஆனா இது என் மீனுதான். யார் இன்னா சொன்னாலும் என் மீனுதான். இந்தக் கையி இழுத்துச்சி. ஒரு செகண்டு அவர் தொட்டதால அது அவர் மீனு ஆயிடுமா? அரை நிமிஷம் தம்பி புடிச்சதால உங்க மீனு உங்களுது இல்லாம போயிடுமா பாய்? இன்னா ரூல்ஸு இது, ஒரு லுங்கி கட்றதுக்குள்ள மீனு ஆளு மாறிப்போற ரூல்ஸு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அஸ்கர் அலி சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு, மதிவாணனிடம் ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "அப்போ... என்னுதும் மீனுதானே மதி?"

மதிவாணன் பெண்டாட்டியைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான். "மீனுதான் பாய். நான்தான் பேஜாரு பண்ணிட்டேன். மன்னிச்சிக்க."

அஸ்கர் அலி அவனைக் கட்டிப்பிடித்த பிடியில் அவன் எலும்பு நொறுங்கியிருக்கும். கூட்டம் கைதட்டியது, விசில் அடித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் சஹாபுதீன், அவனுக்கு எப்போதும் கணக்கு சரியாக இருக்க வேண்டும், கேட்டான்: "அப்போ அண்ணனுது பத்து கிலோ, அக்காவுது ஒம்போது சொச்சம். சுவத்துல அண்ணன் படம்தானே ஏறும்?"

வாசலே குலுங்கிச் சிரித்தது. "ஆமாம்டா! பாய்தான் ஃபர்ஸ்ட்டு!" வினோதா வாயைப் பிளந்தாள். தன் வாயாலேயே தன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கியிருக்கிறாள்!  அப்புறம் அவளும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் அவிழ்ந்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டாள். புடவைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"பாய், தண்ணி இன்னும் ஏறிக்கினுதானே இருக்குது?"

"ஆமாம்மா, மத்தியானம் வரிக்கும் ஏறும். அதுவரிக்கும் கொடுவா கடிக்கும்."

வினோதா ராடை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். "வாய்யா," என்றாள் புருஷனிடம். "கழிய எடு."

யோசனை சொல்லாமல் ஒரு மூச்சுகூட விடாத மதிவாணன், யாரோ கையில் கொடுத்திருந்த டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு அவளுக்கு முன்னால் படகுக்கு ஓடினான்.