விலாசம் தேடிப் போன செல்கள்

தபால்காரம்மாவின் இடது காதிலிருந்து முதல் மூளைச் செல் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு, அவள் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது. கடுகைவிடச் சற்றுப் பெரிது, நீளமான வால், வெளுத்த நிறம். தோளில் விழுந்து முழங்கை வழியாக இறங்கித் தெருவில் போய்விட்டது. பூச்சி என்று நினைத்து அவள் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அன்று பதினேழாம் எண் வீட்டுக்குக் கடிதம் இருந்தது. இருபத்திரண்டு வருடமாகப் போய்வரும் வீடு. அது தெருவில் எந்தப் பக்கம் என்று நின்று நின்று யோசித்துவிட்டுக் கடிதத்தோடு திரும்பிவந்தாள். மாலையில் பதினேழாம் எண் வீட்டுக்காரர் கதவைத் திறந்தபோது மிதியடியின் மேல் அந்தச் செல் உட்கார்ந்திருந்தது.

அவள் கணவர் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர். மூளைச் செல்கள் எதனால் பிழைக்கின்றன, எதனால் சாகின்றன என்று ஆராய்கிற இடம் அது. பத்தொன்பது வருடம் தொட்டியருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்ததில், படித்தவர்களுக்குத் தெரிந்ததில் பாதி அவருக்கும் தெரியும். இரண்டாவது செல் இறங்கியதைப் பார்த்ததுமே, "இது பூச்சி இல்ல, உன்னோடது" என்றார். வாரக் கடைசிக்குள் நாற்பது போயிருந்தன. எந்த வீட்டின் நினைவோ அந்த வீட்டு வாசலுக்கு. முப்பதாம் எண் வீட்டம்மாள் அதன்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, வந்து எடுத்துப் போகும்படி சொல்லியனுப்பினாள். எடுத்துவந்தால் மறுநாள் அங்கேயே போய் நின்றது. கணவர் அவள் காதில் பஞ்சு அடைத்தார். மூக்கு வழியாக வந்தன. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலையில் கை நழுவி, ஒரே வாரத்தில் எட்டுக் குடுவைகளை உடைத்தார்.

கடைசியில் ஒன்றை மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு போய் ஆய்வுக்கூடத் தலைவியின் மேசைமேல் வைத்தார். நுண்ணோக்கி இல்லாமல் தெரியாத பொருள் எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது என்று அங்கே அரைநாள் விவாதம் நடந்தது. வெளிக்காற்று பட்டால் ஊதிப் பெருத்துவிடும் போலிருக்கிறது என்று முடிவுகட்டி எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். தலைவி மட்டும் போகவில்லை.

"செல்லுக்குள்ள மரபணு இருக்குல்ல அண்ணா. எது வேலை செய்யணும், எது சும்மா கெடக்கணும்னு சொல்றதுக்குன்னே சில புரதங்க இருக்கு. உங்க வீட்டம்மாவுக்கு அதுல ஒண்ணு ரொம்ப நாளா எறங்காம ஒக்காந்துருக்கு."

"அது கெட்டதா மேடம்?"

"அடிபட்ட செல்லக் காப்பாத்தறதே அதுதான். கொஞ்ச நேரம் வந்து நின்னா சரிபண்ணிட்டுப் போயிடும். போகாம அங்கேயே நின்னுட்டா, செல்லப் பாத்து நீ கெளம்புன்னு சொல்லிடும்."

அந்தப் புரதத்தைக் கட்டிப்போட ஆய்வுக்கூடத்தில் மருந்து இருந்தது. ஆனால் மனிதர்களுக்குக் கொடுத்ததில்லை, அந்தப் பேச்சே வேண்டாம் என்றாள் தலைவி. பத்தொன்பது வருடத்தில் ஒரு மூடியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவர், அந்த வெள்ளிக்கிழமை, கழுவ வந்த மருந்துக் குடுவை ஒன்றை அடியில் இருந்ததோடு கழுவாமல் எடுத்துப்போனார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். "நான் நாளைக்கு வேலைக்குப் போகணும், குடுங்க" என்று அவள் கையை நீட்டினாள்.

மறுநாளிலிருந்து தினம் காலையில் மூன்று சொட்டு. அன்றிலிருந்து ஒரு செல்கூட வெளியேறவில்லை. நல்லது உள்ளே தங்கியது, போயிருக்க வேண்டிய பழுதும் தங்கியது. எல்லாம் உள்ளே ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின. அவளால் உட்கார முடியவில்லை. அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தாள், நின்றபடியே சாப்பிட்டாள், எந்தக் கடிதம் எந்த மழையில் நனைந்தது என்று ஒப்பித்தாள். தலை கொதித்தது; ஈரத் துண்டைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் இஸ்திரி போட்டதுபோல் காய்ந்து மொறமொறத்தது. எதில் தொடங்கினாலும் தங்கையிடம் வந்து முடித்தாள். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நாலு நாளில் வருகிறேன் என்று போன தங்கை பன்னிரண்டாம் நாள்தான் வந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இனி என் வாசலை மிதிக்காதே என்று அக்கா சொல்லிப் பதினோரு வருடம். அந்த வாக்கியத்தை இப்போது ஒரு நாளைக்கு முந்நூறு தடவை, அதே சூட்டோடு சொன்னாள்.

பத்தொன்பதாம் நாள் அவர் தலைவியிடம் போய் உண்மையைச் சொன்னார். அவள் கத்தவில்லை; தலையில் கைவைத்துக்கொண்டாள். "காப்பாத்தற கையயும் சேத்துக் கட்டிட்டீங்க அண்ணா. நிறுத்துங்க. போறது போனாத்தான் மிச்சம் நிக்கும்." அவர் வீட்டுக்கு வந்து மருந்தைத் தொட்டியில் கொட்டினார். மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"எதெது போகும்?"

"தெரியல."

"நீங்க?"

"அதுவும் தெரியலம்மா."

அவள் அடுப்புக்கும் வாசலுக்குமாக இரண்டு முறை நடந்தாள். பிறகு, "கதவத் தொறந்து வைங்க, முட்டிக்கிட்டு நிக்கப் போகுதுங்க" என்றாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து வரிசையாகப் போயின. அவற்றில் ஒன்று மட்டும் கறுத்து, மிளகளவு இருந்தது. அது தெருக்கதவுகள் எதையும் சீண்டாமல் நேரே பேருந்து நிலையத்துக்குப் போய், மூன்று மணி நேரத் தொலைவிலுள்ள ஊருக்கு வண்டி ஏறியது. நாலாம் நாள் தங்கை சோப்பு டப்பாவோடு வந்து, படியேறாமல் நின்றாள்.

"மாமா, இது என் வாசல்ல வந்து ஒக்காந்துருக்கு. கையில எடுத்தா அக்கா திட்டற கொரல் கேக்குது."

அதற்குள் அக்காவே வந்துவிட்டாள். "வாடி, என்ன அங்கேயே நிக்கற? எளச்சுட்டியே. சாப்டியா?"

தங்கை பதினோரு வருடமாக மனசுக்குள் கோத்துவைத்திருந்த சொற்கள் அப்படியே நின்றுபோயின. அக்கா தட்டெடுக்க உள்ளே போனதும், "இதத் திருப்பி உள்ள வைக்க முடியாதா மாமா?" என்றாள். முடியாது என்று அவர் தலையாட்டினார்.

"அப்ப நான் யார்கிட்ட மன்னிப்பு கேக்கறது?"

சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு அவள் அக்காவிடமே சொன்னாள். அம்மா சாவதைப் பார்க்கப் பயந்துபோய் ஒரு பெண், சொன்ன நாள் தவறிய பிறகு எட்டு நாளும் பேருந்து நிலையத்துக்கு வந்து வந்து, வண்டி ஏறாமல் திரும்பிப்போன கதையை. யார் என்று சொல்லவில்லை. அக்கா நடையை நிறுத்தி, பல வாரங்களுக்குப் பிறகு முதன்முறையாக உட்கார்ந்து கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம், பயந்துருப்பா அந்தப் பொண்ணு. அவ அக்கா என்ன சொன்னா?"

"சாப்டியான்னு கேட்டா."

"பின்ன, வேற என்ன கேப்பாங்க" என்றாள் தபால்காரம்மா.

அடுத்த ஆறு வருடத்தில் வெளியேறுவது மாதத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. அவள் வேலையை விட்டாள். கணவரை மறக்கவில்லை, அவர் தொழிலைத்தான் மறந்தாள். கறுத்த செல்லைத் தங்கை திரும்ப எடுத்துப்போய்ச் சமையலறை ஜன்னலில் வைத்துக்கொண்டாள். முதல் இரண்டு வருடம் அது திட்டியது. அப்புறம் குரல் தணிந்து, உப்பு போதுமா, மழை வருமா என்று கேட்க ஆரம்பித்தது. காய் நறுக்கிக்கொண்டே அவள் பதில் சொல்லுவாள்.