அம்மா வேண்டிக்கொண்டது

அக்டோபர் விளக்குத் திருவிழாவுக்காக ஆற்றங்கரையில் சுரங்கம்போல் அமைக்கும் நடைவழியில் முப்பதாயிரம் சிவப்பு விளக்குகளாவது தொங்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சீட்டு, சீட்டில் ஒரு பெயர், பெயருக்குக் கீழே ஒரு வேண்டுதல். என் அம்மாவின் பெயர் மட்டும் அங்கே இல்லை. தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. பதியச் சொன்னது என்னிடம், பதியாமல் விட்டவனும் நான்.

எனக்கு ஜிஞ்சு ஊரில் போட்டோ ஸ்டூடியோ. ஆகஸ்டில் ஒருநாள், யாரோ ஒரு பெரியவரின் இறுதிச் சடங்கில் வைக்கும் படத்துக்காகக் கம்ப்யூட்டரில் அவர் கழுத்துச் சுருக்கங்களை அழித்துக்கொண்டிருந்தேன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். "சங்சு, இந்த வருஷம் என்னால திருவிழா ஆபீஸ் வரைக்கும் நடக்க முடியாதுடா. நீயே என் பேர்ல ஒரு விளக்குக்குப் பதிஞ்சிடு. வேண்டுதல் என்னன்னா..." என்று அம்மா ஆரம்பித்தாள். சொல்லியும் முடித்தாள். நான் ம் கொட்டினேன். கடைசியில் அவள் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது. செப்டம்பரில் "பதிஞ்சிட்டியாடா?" என்று கேட்டபோது, "எப்பவோ பதிஞ்சாச்சு" என்று வாய் கூசாமல் சொன்னேன். அப்போது பதிவு முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

இப்போது அக்டோபர். அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. நாளைக் காலையில் தொண்டையில் குழாய் போடப் போகிறார்கள். அதற்கப்புறம் பேச்சு கிடையாது, குழாயை எடுக்கும் நாள் வருமா என்பதே சந்தேகம்தான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தன் விளக்கைப் பார்க்க வேண்டுமாம்.

ஒன்பது மணிவாக்கில் ஆற்றங்கரையிலிருந்து ஒரு படம் அனுப்பினேன். யார் விளக்கையோ படம் எடுத்து, அதில் ஹா பூனோக் என்று அம்மாவின் பெயரைப் பொருத்தி, வேண்டுதல் இருக்கும் இடத்தை மங்கலாக்கிவிட்டேன். என் தொழிலே அதுதானே. கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து மிரான் அக்கா கூப்பிட்டாள்.

"டேய், அம்மா நம்பல."

"ஏன்?"

"'தொண்ணூறு வயசுக்காரிய அறுபதாக்குறவன் இவன், இவன் எடுத்த படத்த எவ நம்புவா'ங்கறா. வீடியோவுல காட்டணுமாம். வேண்டுதல நீ சத்தமாப் படிக்கணுமாம். ஒம்பதே முக்காலுக்கு நர்ஸ் வந்து எல்லாத்தையும் அணைச்சிடுவா. சீக்கிரம்."

மணி ஒன்பது இருபது.

"அக்கா, அம்மா என்ன வேண்டுனான்னு உன்கிட்ட சொன்னாளா?"

"என்கிட்ட எதுக்குச் சொல்றா? செல்லப் பிள்ளை நீதான இருக்க. ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"சங்சு, நீ பதிஞ்சியா இல்லையா?"

"பதிஞ்சேன்கா!" என்று கத்தினேன். பக்கத்தில் தின்பதற்குப் பட்டுப்புழு அவித்து விற்கிற கடைக்கார அம்மாள் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டூடியோவில் அச்சடித்த சீட்டு ஒன்று பையில் இருந்தது. அதில் அம்மாவின் பெயரும் பிறந்த வருஷமும் இருந்தன, கீழே வெற்றிடம். பேனாவை வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் நின்றேன். என்ன கேட்டிருப்பாள்? எனக்கு இன்னொரு கல்யாணம் ஆகவேண்டும் என்றா? அக்காவின் வீட்டுக் கடன் அடையவேண்டும் என்றா? செத்துப்போன அப்பாவைப் பற்றியா? பின்னால் ஒரு ஜோடி கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கொஞ்சம் தள்ளுங்களேன், விளக்கு மறையுது" என்றது. தள்ளினேன். சுற்றிலும் தொங்கிய சீட்டுகளைப் படித்தேன். குடும்பம் நோயில்லாமல் இருக்க வேண்டும். குடும்பம் நோயில்லாமல் இருக்க வேண்டும். பாதி ஊர் அதைத்தான் கேட்டிருந்தது. நாற்பத்துமூன்று வருஷம் அவளுக்கு மகனாக இருந்த நான் ஊரார் சீட்டைப் பார்த்துக் காப்பியடித்தேன். கைக்கு எட்டிய விளக்கில், யாருடைய சீட்டின் மேலோ அதை டேப் போட்டு ஒட்டினேன்.

மணி ஒன்பது முப்பத்தைந்து. கூப்பிட்டேன். அக்கா அம்மாவின் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு, போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இரண்டு நாளில் முகம் பாதியாகியிருந்தது.

"தெரியுதாம்மா?"

"சிவப்பா... தெரியுது. படிடா."

படித்தேன். அம்மாவுக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"ஆமா," என்றாள். "அதேதான்."

வெட்கங்கெட்ட மனசு இரண்டு நொடி நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஆகஸ்டில் போனில் சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தாளே, இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இதைச் சொல்லிவிட்டு யாராவது அப்படிச் சிரிப்பார்களா? அவள் கேட்டது இது இல்லை. இது இல்லை என்பது அவளுக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள்.

"இல்லம்மா. நான் பதியவே இல்ல. நீ சொன்னப்போ காது குடுத்துக் கேக்கவும் இல்ல. என்ன சொன்ன? இப்பச் சொல்லு, பேனா கையிலதான் இருக்கு, எழுதிடறேன்."

"அதேதான்டா."

"அம்மா, உன் கால்ல விழறேன்."

"கையெழுத்து... நல்லாருக்கு. அழாத. ஜனங்க பாக்குறாங்க."

"பொய் சொல்லாதம்மா!"

அம்மாவிடம் நான் சொன்ன கடைசி வார்த்தை அது. திரையில் அக்காவின் முகம் வந்தது.

"என்னடா கத்துற? மூச்சு எறங்குது, மாஸ்க் போடணும்."

"ஒரே நிமிஷம்கா, நீ கேட்டுச் சொல்லு. அவ வேற ஏதோ..."

"போதும்டா. அவளே அதான்னு சொல்லிட்டா இல்ல?"

அக்கா போனை வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அழுத்தினேன், எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். விடிந்து நான் உள்ளே போகும்போது குழாய் போட்டு முடித்து மயக்கத்தில் வைத்திருந்தார்கள். பேனாவையும் தாளையும் தலைமாட்டிலேயே வைத்திருந்தேன். அம்மா கண் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சித்திகளிடம் கேட்டேன், பக்கத்து வீட்டுக்காரியிடமும், அம்மாவோடு மலைக்கோயிலுக்குப் போகிற பெண்களிடமும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அவள் அதை ஒரே ஒருத்தனிடம்தான் சொல்லியிருக்கிறாள்.