கும்போவின் மூத்தவன்

முகாம் வாசலுக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடியில் ஒரு பால்காரி அந்த வாரம் முழுக்க வந்து உட்கார்ந்தாள். பெரிய சுரைக்குடுக்கை நிறையப் பால், மேலே பின்னல் மூடி. ஆனால் விற்க மாட்டாள். காவலுக்கு நிற்கும் சார்ஜென்ட் காசை நீட்டினால், "இது ஏற்கனவே சொல்லி வெச்ச பால்" என்பாள். வெயில் ஏறப் பால் திரிந்துவிடும். தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விடுவாள். மறுநாள் காலையில் மறுபடி வந்துவிடுவாள்.

எனக்கு அவளைத் தெரியும். பெயர் கும்போ. நாங்கள் கிளர்ச்சிக்காரர்களுக்குப் பயந்து ஆற்றங்கரையிலிருந்து ஒன்றாக ஓடிவந்து, சாலைக்கு அந்தப் பக்கம் பாய்க் குடிசை போட்ட, மாடு மேய்க்கும் ஃபுலானி ஜனங்கள். என் மாடு எல்லாம் போனபிறகு நான் கூட்டுப் படை முகாமில் மண் அள்ளும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஏரியைச் சுற்றியுள்ள நாலு நாட்டுச் சிப்பாய்களும் அங்கே இருந்தார்கள். அவர்கள் மேல் குண்டு படாமலிருக்கக் கம்பிவலைப் பெட்டிகளில் மண்ணை நிரப்பிச் சுவராக அடுக்க வேண்டும். காலையில் அள்ளத் தொடங்கினால், சாயங்காலம் இடுப்பு என்னுடையதாக இருக்காது.

கும்போ ஏன் வருகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அவளுடைய மூத்தவன் நூஹு உள்ளே இருந்தான். காணாமல் போன கிடாரியைத் தேடி ஆற்றைத் தாண்டியிருக்கிறான். அந்தப் பக்கம் கிளர்ச்சிக்காரர்கள் இருப்பதால் யாரும் போகக் கூடாது என்று உத்தரவு. ரோந்து போனவர்கள் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். அவனுடைய அப்பா செத்துப் போய்விட்டார். சித்தப்பாக்கள் வாசல் பக்கமே வரவில்லை. ஆண்பிள்ளைகள் வந்து கேட்டால் அவர்களையும் பிடித்து வைப்பார்கள் என்று பயம்.

அந்த முகாமில் துப்பாக்கி இல்லாத அதிகாரி ஒரு பெண்மணிதான். மதாம் கோத்லீவ், புருண்டிக்காரர். அவர் போட்டிருக்கும் நீல மேல்சட்டையின் முதுகில் 'மனித உரிமை' என்று எழுதியிருக்கும். நான் தாடி நரைத்தபின் சாயங்காலப் பள்ளியில் எழுத்துக் கற்று, யார் துணையும் இல்லாமல் முதலில் படித்தது அந்த முதுகைத்தான். சிப்பாய்களோடு ரோந்து வண்டியில் ஏறிப் போவார். பிடிபட்டவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்களா, அடித்தார்களா என்று கேட்பார். முதலில் எல்லாரும் முறைத்தார்கள். பிறகு பழகிவிட்டது. அவர் தூரத்தில் வந்தாலே, "டேய், உரிமை வருது, முகத்தை நல்லா வெச்சுக்க" என்று ஒருவனை ஒருவன் இடிப்பான்.

முகாமுக்குப் பொறுப்பான கேப்டன் ஒந்தோவாவிடம் மாதக்கணக்கில் பேசி மதாம் ஓர் ஏற்பாட்டுக்குச் சம்மதம் வாங்கியிருந்தார். பிடிபட்டவன்மேல் விசாரித்ததில் குற்றம் ஒன்றும் தெரியாவிட்டால், அவன் வீட்டார் கேப்டன் முன்னால் வந்து 'இவன் எங்கள் பிள்ளை' என்று சொல்லிக் கைநாட்டு வைத்து அழைத்துப் போகலாம். சொல்ல ஆள் இல்லாதவர்களை லாரி தலைநகரத்துச் சிறைக்குக் கொண்டுபோகும். அங்கே போய் வருஷக்கணக்காக நீதிபதி முகத்தையே பார்க்காதவர்கள் உண்டு. அந்த வாரக் கடைசி நாளில் மதியத் தொழுகை முடிந்ததும் லாரி புறப்படுவதாக இருந்தது. நூஹுவின் பெயரும் அதில் இருந்தது.

அன்று பார்த்து முகாமின் மொழிபெயர்ப்பாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மதாம் என் மண்மேட்டுக்கே வந்து நின்றார்.

"பூபா, உனக்கு பிரெஞ்சு தெரியும் இல்ல?"

"மண்ணு அள்ளுற அளவுக்குத் தெரியும் மதாம்."

"அது போதும். கையைக் கழுவிட்டு வா."

வாசலில் சார்ஜென்ட் என்னைச் சும்மா விடவில்லை. "மொழிபெயர்ப்பாளர் ஐயா, மண்வெட்டியையும் கூட்டிட்டுப் போங்க. உங்களைவிட அது தெளிவாப் பேசும்."

மதாம் ஏற்கனவே நூஹுவிடம் உன் வீட்டில் யார் என்று கேட்டிருந்தார். 'கும்போ' என்று மட்டும் சொல்லியிருக்கிறான். கும்போ யார் என்று என்னிடம் கேட்டார். மரத்தடியைக் காட்டினேன். அவருக்கு ஆச்சரியம். "இவ்வளவு நாளா கண்ணெதிரேயா உட்கார்ந்திருந்தா?" என்று தானே போய் அவளை உள்ளே அழைத்துவந்தார்.

கூடாரத்து நிழலில் கேப்டனின் மேஜை. கும்போ தரையில் உட்கார்ந்தாள்.

"உங்க மகன் பேர் என்னம்மா?" என்று மதாம் கேட்டார்.

அதை எங்கள் பேச்சில் சொல்லும்போது எனக்கே நாக்கு கூசியது. கும்போ முக்காட்டை இழுத்துவிட்டுக் கூடாரத்துக் கயிற்றைப் பார்த்தாள்.

"நான் பால் விக்க வந்தவ," என்றாள்.

நூஹுவை அழைத்து வந்தார்கள். மெலிந்திருந்தான். காலில் செருப்பில்லை. நிழலுக்கு வெளியே, கொதிக்கிற மண்ணில் நிறுத்தினார்கள். அவன் வந்ததும் கும்போ முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

"இது யாரு?" என்று கேப்டன் அவனைக் கேட்டார்.

"கும்போ."

"உன் அம்மாவா?"

அவன் இன்னும் குனிந்துகொண்டான். கேப்டன் பேனாவை மூடினார். அவர் தெற்கே கடலோரக் காட்டு ஊர்க்காரர், கெட்ட மனிதர் இல்லை. "மதாம், பெத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுற பிள்ளை எங்க ஊர்ல கிடையாது. பிள்ளைக்கு முதுகைக் காட்டுற தாயும் கிடையாது. இவளை யாரோ சொல்லி அனுப்பியிருக்காங்க. அனுப்பினவன் யாருன்னுதான் நான் கேக்கணும். பையன் லாரியில போகட்டும்."

மதாம் அவரைப் பார்க்கவில்லை. கும்போவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். வசதியாகக் காலை நீட்டிக்கொள்பவள் போல, கும்போ தன் செருப்பைக் கழற்றி, திரும்பாமலே, குதிகாலால் பின்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளுவாள், நிறுத்துவாள், மறுபடி தள்ளுவாள். அது நிழலின் ஓரம்வரை போய்விட்டது. மதாம் எழுந்து, அந்தச் செருப்பை எடுத்து நூஹுவின் காலடியில் வைத்துவிட்டு, என்னை வெளியே கூப்பிட்டார்.

"அவ பயப்படுறாளா?"

"இல்ல மதாம். வெக்கம்."

"எதுக்கு?"

"மூத்த பிள்ளை இல்லையா?"

"மூத்த பிள்ளைன்னா?"

என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. "மூத்தது பேரை எந்தத் தாய் வாயால சொல்வா? நாலு பேர் முன்னால அதை நிமிர்ந்து பார்த்தா ஊர் என்ன பேசும்? எம் பொண்டாட்டி எங்க பெரியவளை 'ஏய், அங்க'ன்னுதான் கூப்பிடுவா. அதுங்களும் தாயைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும், மத்தவங்க கூப்பிடுற மாதிரி."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"உலகத்துல எல்லாரும் அப்படித்தானே மதாம். நீங்க கேட்டதும், படிச்சவங்க இப்படி வெக்கமில்லாம கேக்குறாங்களேன்னு..." மீதியை விழுங்கிவிட்டேன்.

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எனக்கும் மூத்தது பையன்தான். தினமும் போன்ல பேர் சொல்லிக் கூப்பிட்டு முத்தம் குடுக்குறேன்."

"பாவம் அந்தப் பிள்ளை," என்றேன்.

"சரி, நூஹுவை அந்த வீட்ல பேர் சொல்லிக் கூப்பிடுறது யாரு?"

"ஹுரேரா. சக்களத்தி. அவ கல்யாணமாகி வந்தப்ப இவன் தவழ்ந்துட்டு இருந்தான். அவ பெத்தது இல்லையே, அவளுக்கு இந்த வெக்கம் கிடையாது. குளிப்பாட்டினது, முதுகுல கட்டிச் சுமந்தது எல்லாம் அவதான்."

மதாம் நேராக ஆள் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. கும்போ பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, ஹுரேராவைக் கூப்பிடட்டுமா என்று கேட்கச் சொன்னார்.

கும்போவின் முகம் இறுகியது. நோன்பு மாசத்தில் ஓர் ஆட்டுக்காகச் சண்டை போட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. "அவளா? அவ வந்தா 'எம் பிள்ளை'ன்னு தலையில தூக்கி வெச்சுட்டு ஆடுவா. ஏற்கனவே குடியிருப்புல பாதிப் பேர் அப்படித்தான் நினைச்சுட்டு இருக்காங்க."

மதாம் அவசரப்படுத்தவில்லை. வெளியே லாரிக்கு டீசல் ஊற்றும் சத்தம் கேட்டது.

"வரச் சொல்லு," என்றாள் கும்போ. "நான் கேட்டேன்னு சொல்லாத." நான் நாலடி போவதற்குள், "இல்ல பூபா. நான்தான் கேட்டேன்னு சொல்லு. இல்லேன்னா வர மாட்டா."

மதாம் கேப்டனிடம் போய் விஷயத்தை விளக்கி நேரம் கேட்டார்.

"நீங்க வந்ததுலேர்ந்து என் லாரி ஒரு தடவைகூட நேரத்துக்குக் கிளம்பல மதாம்."

"அதனால என்ன நஷ்டம் கேப்டன்?"

"என் மானம்." ஆனாலும் தொழுகை முடியும்வரை என்று ஒப்புக்கொண்டார்.

ஹுரேரா சாலையோரத்தில் காராமணி வடை சுட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்ன, மண்ணு மனுஷன் நடுப்பகல்ல காத்து வாங்குறாரு? வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா?" என்றாள்.

"கும்போ கூப்பிடுறா."

"யாரு, ராணியம்மாவா? வாயைத் திறந்தா கூப்பிட்டாங்க?"

"வாயைத் திறந்துதான். நூஹுவுக்காக."

கரண்டி எண்ணெய்க்குள்ளேயே விழுந்தது. பக்கத்துக்காரியிடம் அடுப்பைக் காட்டிவிட்டு, மாவுக் கையோடு எனக்கு முன்னால் நடந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது.

கூடாரத்துக்குள் நுழைந்தவள் யாரையும் கேட்கவில்லை. "நூஹு, எம் பாவி மகனே, எலும்பாப் போயிட்டியேடா," என்று அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். தலையை முகர்ந்தாள். முதுகில் ஓர் அடி வைத்தாள். "ஒரு கிடாரிக்காக ஆத்தைத் தாண்டுவியா? கிடாரி தானா வந்து நிக்குது, நீ இங்க நிக்குற." பிறகு கேப்டன் பக்கம் திரும்பினாள். "பிள்ளைக்கு என்ன போட்டீங்க? புல்லா?"

"சாப்பாட்டைப் பத்தி விசாரிக்கிறாங்க சார்," என்று நான் சொன்னேன்.

கேப்டன் முகம் மலர்ந்தது. "நீங்க யாரும்மா?"

"யாரா? இவன் அம்மா."

"தாய்னா இப்படி இருக்கணும்," என்று அவர் பேனாவைத் திறந்தார். "பேர் சொல்லுங்க. அந்தப் பால்காரம்மா போகலாம்."

"கேப்டன், பெத்தவங்க அவங்கதான்..." என்று மதாம் ஆரம்பித்தார். கும்போவுக்கு பிரெஞ்சு தெரியாது. ஆனால் கை எந்தப் பக்கம் நீண்டது என்று தெரிந்திருந்தது. தாழ்ந்த குரலில் என்னிடம், "மதாமை விடச் சொல்லு. அவளையே எழுதட்டும்," என்றாள்.

மதாம் மறுபடி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நாளைக்கு இவனுக்கு ஏதாவதுன்னா, இந்தத் தாள்ல இருக்கிறவங்களைத்தான் தாய்னு கூப்பிடுவாங்க. உங்களை வாசல்லயே நிறுத்திடுவாங்க. நல்லா யோசிச்சீங்களா?"

நான் சொன்னதைக் கும்போ கடைசிவரை கேட்டாள். "அவன் வெளியில வரணும். அது போதும். நான் யாருன்னு அவனுக்குத் தெரியும்."

நூஹுவின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்த ஹுரேராவின் கை அப்படியே நின்றது. ஆட்டுச் சண்டையில்கூடக் கும்போ அவளுக்கு விட்டுக்கொடுத்ததில்லை. கொஞ்ச நேரம் கும்போவின் முதுகையே பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேஜைக்கு வந்தாள்.

"எழுதுறவரே, ரெண்டு பேர் போடுங்க. நான் வளர்த்தவ. பெத்தவ அந்தா, முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்திருக்கா. வெக்கக்காரி. எல்லாத்துலயும் இல்ல, இதுல மட்டும்."

இதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன்.

"ரெண்டு அம்மாவா? தாள்ல ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு," என்றார் கேப்டன்.

"ஓரத்துல இடம் இருக்கு கேப்டன்," என்றார் மதாம்.

கேப்டன் தாளைப் பார்த்தார், மதாமைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். "ஓரத்துலயும் எழுதுறேன். இனிமே மூணாவதா ஒருத்தி வந்தா நான் ஊருக்குப் போயிடுவேன்." முதலில் ஹுரேரா கைநாட்டு வைத்தாள். கும்போ எழுந்து, நூஹு நிற்கும் பக்கம் பார்க்காமலே மேஜையைச் சுற்றி வந்து, கட்டைவிரலை ஊன்றினாள். நெடுநேரம் விரலைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. கேப்டன்தான், "போதும்மா, போதும்," என்று தாளை மெல்ல இழுத்துக்கொண்டார்.

மதாமும் நானும் வாசல்வரை கூடப் போனோம். கும்போ வெறுங்காலோடு முன்னால் நடந்தாள். நடுவில் ஹுரேரா. அவளுக்குப் பின்னால் நூஹு, அம்மாவின் செருப்பில் பாதிக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க.

வாசலைத் தாண்டியதும் கும்போ திரும்பாமல், "ஹுரேரா, அந்தப் பையன் ராத்திரி எங்க படுத்தான்னு கேளு," என்றாள்.

"நீயே கேளேன் அக்கா. கைக்கெட்டுற தூரத்துலதான் வர்றான்."

கும்போ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஹுரேரா பெருமூச்சு விட்டாள். "நூஹு, எங்கடா படுத்த?"

"பாய் குடுத்தாங்க. நல்லாத் தூங்கினேன்னு சொல்லுங்க."

"நல்லாத் தூங்கினானாம்."

"பொய் சொல்றான்னு சொல்லு," என்றாள் கும்போ.

"நீ சொல்றது பொய்யாம்டா."

குனிந்த தலையோடு வந்த பையன் சிரித்துவிட்டான். கும்போவின் நடை தளர்ந்தது. அவன் ஹுரேராவைத் தாண்டி முன்னால் வந்துவிட்டான். இப்போது தாய்க்குப் பக்கத்தில், ஆனால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தான். கும்போ விலகவில்லை.

"என்ன பேசிக்கிறாங்க பூபா?" என்று மதாம் கேட்டார்.

"அம்மாவும் பிள்ளையும் பேசிக்கிறாங்க மதாம்," என்றேன்.