திரும்பி வருபவை

1

இந்தக் கதை ஓர் இறகுப்பந்து மட்டையில் தொடங்கியது. தேனீப் பெட்டிகளின் முன்னால் ஒருவர் அதை வீசிக்கொண்டிருந்தார். இந்த வயதில் விளையாடப் பழகுகிறாரே என்று சிரித்துவிட்டேன். கிட்டே போனபிறகுதான் அவர் காலடியில் செத்துக் கிடந்த குளவிகளைப் பார்த்தேன். அவரைப் பற்றி வேறெதுவும் எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

தேனீக்காரர் காலையில் எழுந்ததும்— (வேண்டாம். எல்லாரும்தான் காலையில் எழுகிறார்கள்.)

குளவியிலிருந்து தொடங்குகிறேன். அது பெட்டி வாசலுக்கு எதிரே அந்தரத்தில் நிற்கும். வெளியே போகிற தேனீ விருட்டென்று போய்விடும். சுமையோடு களைத்துத் திரும்புகிறதே, அதைத்தான் பிடிக்கும். தலை, இறக்கை, கால் எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிட்டு நெஞ்சுச் சதையை மட்டும் தூக்கிப் போகும்.*

* தனக்காக அல்ல, கூட்டிலிருக்கும் தன் புழுக்களுக்காக. குளவியைத் திட்டலாம் என்றிருந்தவன் இதைத் தெரிந்துகொண்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

3

இந்த இடத்தில் அவருக்கு ஒரு துக்கம் தேவைப்பட்டது. மூத்த மகளைக் கொன்றேன். வேலை முடிந்து திரும்பும்போது, வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரிகிற தெருமுனையில், ஒரு லாரி. மட்டை அவளுடையது. கை கூசாமல் எழுதினேன்.

அதன்பின் குளவிகள் வந்தபோது, அவர் பெட்டி வாசல்களில் மரத்துண்டு அடித்து, ஒரு தேனீ மட்டும் நுழையும் அளவுக்குச் சந்து விட்டார். குளவி அப்போதும் எதிரே நின்றது. தேனீக்கள் பயந்து உள்ளேயே அடைந்து கிடந்தன. ஒருநாள் மூடியைத் திறந்தால் தேனடை காய்ந்திருந்தது. தோட்டம் முழுக்கப் பூ.

மனைவி எட்டிப் பார்த்தாள். "காப்பாத்துறேன்னு பட்டினி போட்டுட்டீங்களே."

"குளவி நிக்குதுல்ல? வெளிய போனா சாகும்."

"உள்ள இருந்தா மட்டும் வாழுதாக்கும்? சின்னவளையும் இப்படித்தான் வச்சிருக்கீங்க. நாளைக்கு அவ வேலையில சேரணும். அழுதுக்கிட்டு உக்காந்திருக்கா."

(இங்கே அவர் வெடித்து அழுதார் என்று எழுதி, அடித்துவிட்டேன்.) அவர் மரத்துண்டுகளைப் பெயர்த்தார். ஆணி கையைக் கிழித்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை வாசலில் சின்னவள் சொன்னாள். "அப்பா, சாயங்காலம் தெருமுனையில வந்து நிக்காதீங்கப்பா. எல்லாரும் பாப்பாங்க."

"நான் ஏன்மா வரப்போறேன்? எனக்கு இங்க தலைக்கு மேல வேலை கிடக்கு."

4

மாலை. திறந்த வாசல்களுக்குத் தேனீக்கள் திரும்புகின்றன. மட்டையோடு நிற்பவர் அவற்றைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பஸ் தாமதம்.

ஒரு முடிவு: அவள் வந்துவிடுகிறாள், பசிக்குதும்மா என்கிறாள். சப்பென்று இருக்கிறது.

இன்னொரு முடிவை எழுதக் கை துறுதுறுக்கிறது. எழுதினால் நீங்கள் கலங்குவீர்கள். கதை பிழைத்துக்கொள்ளும். ஆனால் களைத்துத் திரும்புகிறவர்களை எதிர்பார்த்து வழியில் நிற்பது என்ன ஜென்மம் என்று இரண்டாம் பகுதியில் நானே எழுதியிருக்கிறேன். எனக்கும் பசிதான். எனக்கும் வளர்க்க ஒரு கதை இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

சின்னவள் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டாள். தோளில் பை, முகத்தில் முதல் நாள் களைப்பு. சொன்ன சொல்லுக்காக அப்பா வீட்டைவிட்டு நகரமாட்டார். தெருமுனையில் நான் நிற்கிறேன்.

மட்டையை உங்கள் கையில் கொடுத்திருக்கிறேன்.